அந்த நான்கு வருடத்துக்கு என்ன எழுத?

மில்லர்புரம், தூத்துக்குடி
ஜூன் 3

அன்புள்ள அத்தானுக்கு,

பிளாரன்ஸ் எழுதுகிறேன். மாதா காவலில் நானும் ஏஞ்சலினும் இங்கே சுகம்தான். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. வக்கீலிடம் தைலம் கொடுத்தனுப்பினேன். உள்ளே விடுவார்களா என்பது சந்தேகம்தான் என்றார். விட்டார்களா இல்லையா என்றாவது எழுதுங்கள்.

வக்கீல் போன வாரம் போன் செய்தார். தண்டனைக் கழிவெல்லாம் போக ஜூலை 28ஆம் தேதி உங்களை விட்டுவிடுவார்களாம். கேட்டதும் ஏஞ்சலின் காலண்டரை எடுத்து எண்ணத் தொடங்கிவிட்டாள். நான் மட்டும் அவளோடு எண்ணவில்லை. வந்த மறுநாளிலிருந்து நீங்கள் என்ன செய்வீர்கள்? தண்டனைக்கு முன்னால் மூன்று வருடம் உப்பு லோடு ஏற்றப் போனீர்களே, அதற்கு இந்த முதுகு இனித் தாங்காது. சும்மா வீட்டில் உட்கார்ந்தால் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதை நான் மறுபடியும் பார்க்க வேண்டும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அதனால் உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். பைபாஸில் புதிதாக ஒரு கிடங்கு வந்திருக்கிறது. உங்கள் பழைய வேலைதான், ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் வேண்டும், ஜூன் 20க்குள் இமெயிலில் விண்ணப்பிக்க வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் பார்த்தேன். இறால் கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் டிக்சன் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். நம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருக்கிறதே, அதே கடை. டிக்சனுக்கு நம்மைப் பற்றி எதுவும் தெரியாது. அவன் கடை போட்டே இரண்டு வருடம்தான் ஆகிறது.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பயோடேட்டா அடித்துத் தர வேண்டும் என்றேன். "யக்கா, பயோடேட்டா கல்யாணத்துக்குப் போடுறது. வேலைக்கு ரெஸ்யூம்" என்று சிரித்தான். அப்பா பெயர், மதம், உயரம், எடை எதுவும் வேண்டாமாம். ஒரே பக்கம்தானாம். கம்பெனிக்காரன் ஒரு காகிதத்தை அரை நிமிடம் கூடப் பார்ப்பதில்லையாம், அதற்குள் அவன் தேடுகிற வார்த்தை கண்ணில் பட வேண்டுமாம். நான் கடின உழைப்பாளி, நேர்மையானவர் என்று சொல்லச் சொல்ல அவன் தட்டச்சு செய்யவே இல்லை. "அத நாம சொல்லக் கூடாதுக்கா. படிக்கவன் சொல்லணும். அவரு என்ன செஞ்சாரு, எத்தன செஞ்சாருன்னு சொல்லுங்க, போதும்" என்றான்.

எத்தனை என்று எனக்கு எப்படித் தெரியும், அத்தான்? எத்தனை டன் வண்டி? ஒரு ஷிப்டில் எத்தனை கன்டெய்னர்? யாருக்காவது சொல்லிக் கொடுத்தாரா? பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறோம். நீங்கள் வந்ததும் குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்தேன், சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். இன்றைக்கு என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிருபாநிதி அண்ணன் வீட்டுக்குப் போனேன். உங்களோடு அந்தக் கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தவர்களில் இன்றும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அவர் சொல்லச் சொல்ல ஏஞ்சலினின் பழைய நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்று டன், ஐந்து டன் ஃபோர்க்லிஃப்ட், அப்புறம் கன்டெய்னரைத் தூக்கி அடுக்குகிற ரீச் ஸ்டாக்கர். ஒன்பது பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தீர்களாம். அதில் இரண்டு பேர் இப்போது கத்தாரில் இருக்கிறார்களாம். முந்திரிக்கொட்டை மூட்டை வந்தால் சாக்குக் கிழியாமல் இறக்க உங்களைத்தான் தேடுவார்களாம். மழை நாளில் மரக்கட்டை அடுக்கு ஒன்று சரியப் பார்த்தபோது, எல்லோரும் ஓட, நீங்கள் மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கைக் காப்பாற்றினீர்களாம். "பதினோரு வருசத்துல அவன் கையில ஒரு கன்டெய்னர் கதவு நெளிஞ்சதில்லம்மா" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

எல்லாவற்றையும் டிக்சனிடம் படித்தேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். "இப்பதான்க்கா ஆளு தெரியுதாரு" என்று வேகமாக அடித்தான். பிறகு, "விபத்தே இல்லாமன்னு ஒரு வரி போட்டுருவமா? கிடங்குக்காரனுக்கு அதுதான் முதல்ல வேணும்" என்று கேட்டான்.

குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். வேறென்ன சொல்வது? பதினோரு வருடத்தை ஒரு பக்கத்தில் அழகாக எழுதிவிட்டோம். யார்டில் காசிலிங்கம் உங்கள் வண்டிக்கடியில் சிக்கி உயிர் விட்ட அந்த ஒரு நாளை எந்த வரியில் எழுதுவது? அந்த வரி வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அடுத்து, "இந்த வேலய விட்டு நாலு வருசம் ஆச்சே, அதுக்கப்புறம் எங்கக்கா?" என்றான். அந்த இடம் வெறுமையாக விட்டிருந்தால் கம்பெனிக்காரன் முதலில் அங்கேதான் விரலை வைப்பானாம். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அவன் அடித்ததை இதோடு வைத்திருக்கிறேன். படித்துப் பாருங்கள். அந்த நான்கு வருடத்துக்கு என்ன எழுத? ஒரு வாரத்துக்குள் பதில் போடுங்கள். கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று தெரியும். அதனால் என்ன, இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

ஜெயிலில் மனு போட்டு உங்களைப் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், வரவில்லை. அங்கே வீட்டுக்குப் போன் பேச விடுகிறார்கள் என்று கிருபாநிதி அண்ணன் சொன்னார். நீங்கள் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பிளாரன்ஸ்


மில்லர்புரம்
ஜூன் 23

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். ஏஞ்சலினுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்து விட்டுவிட்டது, பயப்பட வேண்டாம். உங்களிடமிருந்து பதில் வரவில்லை. தினமும் தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்குப் போய்த் திரும்புகிறேன்.

நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். கோபப்படாமல் படியுங்கள்.

20ஆம் தேதி வரை காத்திருந்தேன். கடைசி நாளும் வந்துவிட்டது. டிக்சன் கடையில் போய் நின்றேன். "சொந்தத் தொழில்னு போடுங்கக்கா, பாதிப் பேரு அதத்தான் போடுதாங்க" என்றான். சரி என்று தலையாட்டிவிட்டேன். நாலு வருடத்துக்கு நேரே சொந்தத் தொழில் என்று ஏறிவிட்டது. எல்லா ரெஸ்யூமிலும் கடைசியில் ஒரு வரி உண்டாமே, மேலே சொன்னதெல்லாம் நான் அறிந்தவரை உண்மை என்று. அதற்குக் கீழே ஊர், தேதி, கையெழுத்து. கையெழுத்துக்கு என்ன செய்ய என்று கேட்டேன். பெயரை அடித்தால் போதும் என்று உங்கள் பெயரை அடித்தான். எஸ். ஜெஸ்டின். நீங்கள் சொல்லாத பொய்க்குக் கீழே உங்கள் பெயர். ஆனாலும் அனுப்பு என்றுதான் சொன்னேன்.

நேற்று அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். குரலைக் கேட்டால் இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஜெஸ்டினிடம் பேச வேண்டும் என்றாள். வெளியூர் போயிருக்கிறார் என்றேன். என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டாள். வாயில் வந்தது கருவாட்டு வியாபாரம். எங்கே அனுப்புகிறார் என்றாள். கேரளாவுக்கு என்றேன். கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போகிறேன், அத்தான். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. பொய் அத்தனை சரளமாக வருகிறது.

உங்கள் அனுபவம் அவர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம். ஜூலை 30ஆம் தேதி நேரில் வரச் சொன்னாள். நீங்கள் வந்து இரண்டாம் நாள்! ஒரு நிமிடம் மாதாவே கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். போனை வைக்கப் போகும்போது, இது கஸ்டம்ஸ் பார்வையில் உள்ள இடம், சேருவதற்கு முன் போலீஸ் விசாரணை உண்டு, பழைய கம்பெனியிலும் கேட்போம் என்றாள்.

அதிலிருந்து தூக்கமில்லை. அவர்கள் பழைய யார்டில் கேட்டால் என்ன சொல்வார்கள்? போலீசில் கேட்டால்? பொய் சொன்னவர் என்று உங்கள் பெயர்தானே கெடும், என் பெயரா கெடும்? வேண்டாம் என்று போன் செய்து சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இன்னொரு மனம், எப்படியாவது உள்ளே நுழைந்துவிட்டால் போதும், உங்கள் வேலையைப் பார்த்தால் அப்புறம் யார் விடுவார்கள் என்கிறது.

இறால் கம்பெனியில் இன்று என் கத்தி இரண்டு தடவை விரலில் பட்டது. சூப்பர்வைசர் என்னம்மா யோசனை என்று கேட்டார்.

திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள். என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

உங்கள்
பிளாரன்ஸ்


மில்லர்புரம்
ஜூலை 8

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் ஒன்றாம் தேதி கைக்கு வந்தது. ஒரு வாரமாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

உறையைப் பிரித்ததும் டிக்சன் அடித்த தாள்தான் முதலில் வந்தது. பெயர், பிறந்த தேதி, பத்தாம் வகுப்பு மூன்றையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றின் மேலும் ஒரே கோடு. பதினோரு வருடத்தின் மேல் கோடு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அலைந்து அலைந்து சேர்த்ததை இப்படியா செய்வது என்று தாளை மேசையில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஏஞ்சலின்தான் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "அம்மா, பின்னால அப்பா எழுதி இருக்காங்க" என்றாள்.

நன்றாக எழுதியிருக்கிறாய், படிக்கும்போது யாரோ ஒரு நல்ல ஆளைப் பற்றிப் படிப்பதுபோல இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்த வண்டியில் இனி ஏற மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். சிலிண்டர் லாரி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டால்கூடக் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறேன் என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. எனக்கு இது தோன்றவே இல்லை, அத்தான். உங்களை மறுபடி அதே வண்டியில் ஏற்றிவிடத்தான் இத்தனை ஓட்டம் ஓடியிருக்கிறேன். உங்களுக்கு விருப்பமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கீழே நீங்களே எழுதிய அந்த ஏழெட்டு வரியை இப்போது மனப்பாடமாகச் சொல்வேன்: பத்து மாதமாக ஜெயில் சமையல்கட்டில் இருக்கிறேன். காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். ஐந்நூறு பேருக்கு மேல் சமையல். சோறு ஒரு நாளும் குழையவில்லை. சாம்பார் ஒரு நாள் அடிப்பிடித்துக் காந்தல் வாடை வந்தது, அதையும் எழுது. நான்கு வருடத்துக்கு என்ன எழுத என்று கேட்டிருந்தாய், மூன்று வருடம் உப்பளத்தில் லோடு ஏற்றினேன், ஒரு வருடம் ஜெயிலில் இருந்தேன், சமைத்தேன், அதுதான் எழுத வேண்டியது என்று முடித்திருந்தீர்கள்.

வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனிதர் நீங்கள். அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் அந்தக் கம்பெனிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். நான் சொன்னது பொய், அவர் ஜெயிலில் இருக்கிறார், ரெஸ்யூமும் அவர் பார்த்து அனுப்பியது இல்லை, நான் அனுப்பியது என்றேன். "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டாள். அவ்வளவுதான்.

டிக்சனிடமும் சொன்னேன். மூஞ்சியில் அடித்தாற்போல் ஏதாவது சொல்வான் என்று பயந்தேன். அவன் உங்கள் கையெழுத்தை இரண்டு முறை படித்தான். "எந்த வேலைக்குப் போறோமோ அந்த வேலைக்குத் தக்கதுதான் மேல வரணும். அப்ப இதுதான்க்கா மேல வரணும்" என்று சமையலை முதலில் போட்டான். உப்பளம் அடுத்து. யார்டு கடைசியில், அதுவும் இரண்டே வரி. காந்தல் வேண்டாம் என்றான். அவர் எழுதச் சொன்னதை எழுது என்றேன்.

கடைசி வரிக்கு வந்ததும், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று அவன் அடிக்கும்போது, என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

அத்தான், நாம் இதுவரை பேசாத விஷயத்தை எழுதப் போகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும். முதலில் போலீசிலும் பிறகு கோர்ட்டிலும் உங்களைக் கேட்டபோது, போன் அடித்தது, குனிந்து பார்த்தேன், தப்பு என்னுடையது என்றீர்கள். யார் போன் என்று கேட்டதற்கு, லோன் வேண்டுமா என்று கேட்கிற ஏதோ கம்பெனிக் கால் என்றீர்கள். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியும், வண்டியின் ரிவர்ஸ் ஹாரன் வேலை செய்யவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன் என்றவர் நீங்கள். அன்றைக்கு நீங்கள் சொன்ன ஒரே பொய் அதுதான். கூப்பிட்டது நான். ஏஞ்சலினுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பச்சைக் கலர் சார்ட் பேப்பர் வேண்டும், வரும்போது வாங்கி வாருங்கள் என்று சொல்லக் கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. அடுத்து வந்தது கிருபாநிதி அண்ணன் போன்.

நீங்கள் என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னீர்கள். நான் அதற்குள் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன். நாலு வருடம்.

சனிக்கிழமை முத்தையாபுரத்துக்குப் போனேன். காசிலிங்கத்தின் மனைவி சீனித்தாய் அங்கேதான் இருக்கிறாள். வீட்டிலேயே மாவு ஆட்டி விற்கிறாள். நான் போனபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். அவளுக்குக் காதில் விழவில்லை. கிரைண்டரை அணைத்துவிட்டு, "என்ன சொன்னிய?" என்று கேட்டாள். ஒரு தடவை சொல்வதற்கே உயிர் போயிருந்தது. இரண்டாவது தடவையும் சொன்னேன்.

"சார்ட் பேப்பருக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கையிலிருந்த மாவு காய்கிற வரை பார்த்துக்கொண்டே நின்றாள். "இத ஏன் இப்ப வந்து சொல்லுதீய? இத வச்சு நான் என்ன செய்ய?" என்றாள். அவள் மறுபடி கிரைண்டரைப் போட்டாள். நான் தெருவில் பாதி தூரம் வந்திருப்பேன், பின்னாலேயே வந்து, நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். 28ஆம் தேதி என்றேன். "இந்தப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லுங்க. எம் மவனுக்கு அவர அடையாளம் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மன்னிப்பு கிடைக்கும் என்று போகவில்லை. கிடைக்கவும் இல்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது, நாலு வருடத்தில் முதல் தடவையாக ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். ஸ்டாப் தாண்டிப் போய் இறங்கி நடந்து வந்தேன்.

புது ரெஸ்யூம் இதோடு இரண்டு பிரதி இருக்கிறது. சரியாக இருந்தால் நீங்களே கையெழுத்துப் போட்டு ஒன்றைத் திருப்பி அனுப்புங்கள். இந்தத் தடவை உங்கள் பெயரை வேறு யாரும் அடிக்கவில்லை.

உங்கள்
பிளாரன்ஸ்


மில்லர்புரம்
ஜூலை 20

அன்புள்ள அத்தானுக்கு,

கையெழுத்துப் போட்ட தாள் வந்தது. கூட ஒரு வரியும் எழுதாமல் அனுப்பியிருந்தீர்கள். போனைப் பற்றி நான் எழுதியதைப் படித்தீர்களா, கோபமா என்று தெரியவில்லை. கையெழுத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்காமல் போட்டிருக்கிறீர்கள். அதை வைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

இங்கே ஐந்து இடத்தில் கொடுத்தேன். துறைமுகம் ரோட்டில் ஒரு கேன்டீனில் முதல் வரியைப் படித்ததுமே தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு ஹோட்டலில் சிரித்தார்கள். மற்ற மூன்று இடத்தில் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை. அப்போதுதான் கிருபாநிதி அண்ணன், திருச்செந்தூரில் கோயில் பக்கம் ஒரு மெஸ்ஸில் ஆள் தேடுகிறார்கள், ஆவணித் திருவிழாவுக்குள் வேண்டுமாம் என்று சொன்னார். வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன்.

மெஸ்காரர் பெயர் சிவனணைந்தபெருமாள். அறுபது வயது இருக்கும். மத்தியானக் கூட்டம் முடிகிற வரை ஓரமாக நின்றேன். ரெஸ்யூமை நீட்டியதும், "சமையக்காரனுக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாய்விட்டுப் படித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயில் என்ற இடம் வந்தபோது பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"இத இப்படிப் பச்சையாவா எழுதுவாக?" என்று கேட்டார். அவர்தான் எழுதச் சொன்னார், அண்ணாச்சி என்றேன். என்ன கேஸ் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன், போன் என்னுடையது என்பதையும் சேர்த்து. வேதக்காரர்களா, மாதா கோயிலுக்குப் போகிறவர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கை சுத்தமும் நேரமும்தான் எனக்கு முக்கியம், குடித்துவிட்டு வந்தால் அன்றோடு சரி என்றார். பிறகு தாளில் ஒரு இடத்தில் விரலை வைத்து, "இது என்னம்மா, ஒரு நாள் காந்திப்போச்சுன்னு போட்டுருக்காரு?" என்றார். உள்ளே இருந்த ஆட்களைப் பார்த்து, "ஏலே, இங்கன வாரத்துக்கு ரெண்டு நாள் காந்துது, எவனாவது ஒத்துக்கிடுதியளா?" என்று சத்தம் போட்டார். அப்படியும் அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை.

வேலை கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை, அத்தான். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி காலை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் வேலை பார்க்க வேண்டும், பிடித்தால் வைத்துக்கொள்வார், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுவார். மெஸ் மாடியிலேயே மற்ற ஆட்களோடு படுத்துக்கொள்ளலாம். ரெஸ்யூமை மடித்து அவர் மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். மற்ற ஆட்களிடம் இதைப் பற்றி நானாகச் சொல்ல மாட்டேன், அவர்களாகக் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன் என்றார். எனக்கு அது சரியென்றுதான் பட்டது. உங்களுக்கு எப்படிப் படும் என்று தெரியவில்லை. கேட்காமல் செய்தது போதும், இதை உங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

இன்னொன்று. வெளியே வந்ததும் வீட்டுக்கு வராமல் எங்காவது நேராக வேலைக்குப் போய்விட வேண்டும் என்று உங்களோடு இருந்து விடுதலையாகி வந்த ஒருவரிடம் சொன்னீர்களாமே. வக்கீல் ஆபீசில் அவரைப் பார்த்தேன். நல்ல மனதோடுதான் சொன்னார். தெருவில் நடக்க உங்களுக்கு வெட்கமா, ஏஞ்சலினைப் பார்க்கப் பயமா, அல்லது என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையா, எது என்று யோசித்து யோசித்து இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்தேன். எதுவாக இருந்தாலும் எனக்கு உங்களைக் கேள்வி கேட்கும் யோக்கியதை இல்லை. கேட்கவும் மாட்டேன்.

26ஆம் தேதி மாதா கோயிலில் கொடியேற்றம். கொடியேறி இரண்டாம் நாள் நீங்கள் வருகிறீர்கள். ஊரெல்லாம் லைட் போட்டிருப்பார்கள். ஏஞ்சலின் உங்களுக்கென்று தன் தலையணையை ஒதுக்கி வைத்திருக்கிறாள். அவளுக்கு நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

28ஆம் தேதி காலையில் ஜெயில் வாசலுக்கு வர வேண்டாம் என்றால் வாசலுக்கு வரவில்லை. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். தூத்துக்குடி பஸ்ஸும் அங்கேதான் வரும், திருச்செந்தூர் பஸ்ஸும் அங்கேதான் வரும். அன்றைக்கு வேலைக்கு இன்னும் நாலு நாள் இருக்கும். நீங்கள் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினால் நான் மாதாவுக்கு வாழ்நாளெல்லாம் கடன்பட்டவள். திருச்செந்தூர் பஸ்ஸில்தான் ஏறுவீர்கள் என்றால் ஏறுங்கள். நான் தடுக்க மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் ஜன்னலோரமாகத் தள்ளி உட்காருங்கள். பக்கத்தில் நான் உட்கார வேண்டும்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உங்கள்
பிளாரன்ஸ்